மனிதர் (தற்காலிகம்)

காட்டில் தானாக முளைக்கிற, தின்னத் தகுந்த செடிகொடிகளை மனிதன் எந்த அளவுக்குப் பாழாக்குகிறான் என்று அளந்து சொல்வதற்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு மையம் நடந்துகொண்டிருந்தது. காடு பச்சைமலையில் இருக்கும்போது மையம் ஏன் ஸ்ரீரங்கத்தில் என்று யாரும் கேட்டதில்லை. இயக்குநருக்கு வீடு உத்திர வீதியில். அதனால் அம்மா மண்டபம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கீழே முகூர்த்தம் இருந்தால் மேலே ஆராய்ச்சி கிடையாது. நாதஸ்வரச் சத்தத்தில் எதையும் எண்ண முடியவில்லை என்பார்கள். எண்ண வேண்டியவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் கீழே பந்தியில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த மையத்துக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

திட்டம் எளிமையானது. மலையில் ஒரே சரிவில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு துண்டு காட்டை வேலி போட்டுப் பிரித்திருந்தார்கள். ஒன்றில் மனிதர் காலே வைக்கக் கூடாது. இன்னொன்றில் ஒரு மனிதரைக் குடிவைத்து, கிழங்கு, கீரை, பழம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடுங்கித் தின்னச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மனிதனின் யோக்கியதை தெரிந்துவிடும். முடிவு என்னவென்று திட்டம் எழுதும்போதே எழுதிவிட்டார்கள். மனிதர் மட்டும்தான் பாக்கி.

காட்டூர் டீக்கடையில் கிடந்த பேப்பரில் நல்லதம்பி அந்த விளம்பரத்தைப் பார்த்தான். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவன். பட்டறையை மூடிய பிறகு வீடு அவன் மனைவி மலர்க்கொடியின் தையல் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. பகலில் ஒரு கடைக்கு ஜாக்கெட், விளக்கு வைத்த பிறகு இன்னொரு கடைக்கு நைட்டி. வலது தோளைத் தூக்க முடியாமல், தலைவாருவதற்கே மகளைக் கூப்பிடுகிற நிலைக்கு வந்திருந்தாள்.

"மனிதர் தேவைன்னு போட்டிருக்கு" என்றான் நல்லதம்பி.

"அதுக்கென்ன, போயிட்டு வாங்க. உங்களுக்கு அந்தத் தகுதி இருக்குன்னு நான் வேணும்னா எழுதித் தரேன்" என்றாள் மலர்க்கொடி. "நிரந்தரம் ஆகுமான்னு மட்டும் கேட்டுக்கங்க. ஆன அன்னிக்கு ராத்திரி மிஷினுக்கு ஒரு துணியப் போட்டு மூடிடுவேன்."

நேர்முகத் தேர்வில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இயக்குநர் டாக்டர் ராமானுஜம். நெற்றியில் திருமண், மேலே கோட்டு. இன்னொருவர் நிர்வாக அலுவலர் சிவராமன். இயக்குநர் சிரித்தால் சிரிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

"காடு பாத்திருக்கேளா?" என்றார் இயக்குநர்.

"துறையூர் பஸ்ஸுல போறப்ப தூரத்துல பாத்திருக்கேன் சார்."

"செடிகொடி பத்தி ஏதாவது தெரியுமோ?"

"அரைக்கீரைக்கும் சிறுகீரைக்குமே எனக்கு வித்தியாசம் தெரியாது சார். வீட்டுல திட்டுவாங்க."

"பேஷ். பசிக்குமா?"

"பசிக்கும் சார்."

"பசிச்சா?"

"சாப்பிடுவேன்."

"சாப்பிட்டது போக மிச்சம் இருந்தா?"

"நாளைக்கு ஆகும்னு எடுத்து வெப்பேன்."

"நாளைக்கும் மிச்சம் இருந்தா?"

நல்லதம்பி யோசித்தான். "யாருக்காவது வித்துடலாம் சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நல்ல வரன் அமைந்த பெண்ணின் தகப்பனார் போல அவர் முகம் இருந்தது. "சம்பூர்ணமான மனிதர்" என்றார். சிவராமன் சிரித்தார்.

"நிரந்தரம் ஆகுமா சார்?"

"ஆறு மாசம் தற்காலிகம்" என்றார் சிவராமன். "நீங்க ஒழுங்கா பாழாக்கிட்டீங்கன்னா நிரந்தரம்."

வெளியே வந்தபோது, மாடிப்படியில் ஒரு பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நடுவயது தாண்டிய மலைக்காரி. பெயர் இருசம்மாள். அவளும் அதே வேலைக்கு வந்தவள்தான். அந்த இரண்டு துண்டு காட்டுக்குக் கீழேதான் அவள் வீடு.

"உங்களை எடுத்துட்டாங்களா தம்பி?"

"எடுத்துட்டாங்கக்கா. உங்களுக்கு?"

"நான் சேர மாட்டேனாம்."

பின்னாலேயே வந்த சிவராமன் விளக்கினார். "இந்தம்மா அங்கயே பொறந்து அந்தக் கிழங்கையே தின்னு வளந்தவங்க. இவங்களை மனிதர் கணக்குல கொண்டுவர முடியாது. இவங்க சூழல்ல வர்றாங்க."

"மூணு பஸ்ஸு மாறி வந்து, நான் மனுசி இல்லன்னு கேட்டுட்டுப் போறேன்" என்றாள் இருசம்மாள். "அங்கயே சொல்லியனுப்பியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே 'மனிதர் (தற்காலிகம்)' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். துறையூர் பஸ்ஸில் நல்லதம்பி அதை நீட்டிப் பார்த்தான். கண்டக்டர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மனிதருக்கெல்லாம் சலுகை இல்லங்க. டிக்கெட் எடுங்க" என்றார்.

*

மனிதர் நுழையாத பகுதிக்குத் திறப்பு விழா நடந்தது. மூன்று வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். வேன் நிறுத்த இடம் வேண்டுமே என்று முந்தின வாரமே புதரை வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். ஷாமியானா கம்பு நட ஒரு களாச்செடி வரிசை போனது. உள்ளே போகச் சிமெண்டு நடைபாதை, ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். வாசலில் இரும்புக் கம்பத்தில் நட்டுப் போட்டு முறுக்கிய பெரிய போர்டு: 'மனிதர் படாத பகுதி. உட்செல்லக் கூடாது.' நாடாவை வெட்டிவிட்டு எல்லோரும் உட்சென்றார்கள்.

நல்லதம்பி வாசலிலேயே நின்றான். அவன்தான் மனிதர். உள்ளே விடவில்லை.

"புனிதமான ஸ்தலம். பாதரக்ஷையை வெளியிலேயே விட்டுட்டு வாங்கோ" என்று இயக்குநர் மைக்கில் சொன்னதால் வந்தவர்கள் செருப்பையும் ஷூவையும் கழற்றினார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை நல்லதம்பிக்கு வந்தது.

திரும்பி வந்த இயக்குநரிடம் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், மனிதர் போகக் கூடாதுன்னு போட்டிருக்கு. இவ்வளவு பேரு உள்ள போனாங்களே."

"இவாள்ளாம் மனிதர் இல்லைப்பா" என்றார் இயக்குநர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "நானும் சிவராமனும் ஆய்வாளர். வந்திருக்கிறவா விருந்தினர். திட்டத்துல மனிதர்னா அது நீங்க ஒருத்தர்தான். நம்ம பாதம் பட்டா அது ஆராய்ச்சி. உங்க பாதம் பட்டாத்தான் தாக்கம்."

அன்று கிளம்பும்போது வேனில் இரண்டு சாக்கு ஏறியது. மாகாளிக் கிழங்கு. பாறை இடுக்கில் வேர்விட்டு மரத்தில் ஏறுகிற கொடி அது. கிழங்கை எடுக்க வேண்டுமென்றால் கடப்பாறை போட்டு நெம்பித்தான் எடுக்க வேண்டும். மேல்தோலைச் சீவி, நடுநரம்பை எடுத்து, நறுக்கி, மோரும் மிளகாயும் கடுகும் சேர்த்து ஊற வைத்தால் ஸ்ரீரங்கத்தில் அது இல்லாமல் தயிர்சாதம் இறங்காதவர்கள் உண்டு. பிடிக்காதவர்களுக்கு அது மூட்டைப்பூச்சி வாசனை.

"சாம்பிள்" என்றார் சிவராமன்.

*

நல்லதம்பியின் பகுதியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்க வேண்டும், சுற்றியுள்ளதைத் தின்ன வேண்டும். முதல் நாள் அவன் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான். பயமாக இருந்தது. எது கீரை, எது விஷம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தால் அது இயற்கையான தாக்கமாக இருக்காது என்று சிவராமன் சொல்லியிருந்தார். எனவே கீழே பஸ் நிற்கிற இடத்தில் இருந்த இட்லிக் கடைக்குப் போனான். மறுநாளும் போனான். ஆறு மாதமும் அவனுடைய தாக்கம் முழுவதும் அந்த இட்லிக் கடை மேல்தான் விழுந்தது.

இன்னொரு சிரமமும் இருந்தது. கொட்டகைக்குக் கழிப்பறை கிடையாது. கேட்டதற்குச் சிவராமன், "மனிதருக்குக் கழிப்பறை கட்டினா தாக்கம் குறைஞ்சிடும். அதுவும் ஒரு தாக்கம்தானே, திட்டத்துலயே இருக்கு. எங்க வேணும்னாலும் போங்க" என்றார். நல்லதம்பி கூச்ச சுபாவம். காட்டூரில் நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் என்று வாழ்ந்த காலத்திலேயே விடிவதற்கு முன்னால் எழுந்து போனவன். இரண்டு வேலியையும் தாண்டி, சரிவு முழுக்க இறங்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்தான். அந்தக் காட்டில் ஒரு செடியின் மேலும் அவன் தண்ணீர் பட்டதில்லை.

இருசம்மாள் ஒரு காலையில் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"ஏன் தம்பி, நீங்கதான எல்லாத்தையும் பிடுங்கித் திங்க வந்த ஆளு. ஒண்ணையும் காணோமே."

"தெரியலக்கா. தொண்டை அரிக்குமோன்னு பயமா இருக்கு."

"உங்களுக்குச் சம்பளம் குடுத்துத் திங்கச் சொல்றாங்க. எனக்கு வேலியப் போட்டுத் திங்காதன்னுட்டாங்க. மழைக்காலத்துல எங்க வீட்டுல பாதி நாளு இந்த வள்ளிக்கிழங்குதான். உங்க பக்கத்துல நான் எடுத்துக்கட்டுமா? உங்க கணக்குல எழுதிக்கங்க."

நல்லதம்பிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அவளுக்குச் சாப்பாடு, அவனுக்குத் தாக்கம். அவள் தோண்டினாள். கிழங்கை உடைத்துக்கொண்டு கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மறுபடி குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தாள். ஒருமுறை சுட்ட துண்டை நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"கொடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்று அவளே தின்றாள்.

கொட்டகைத் தூணில் ஒரு மாகாளிக் கொடி ஏறத் தொடங்கியிருந்தது. பிடிமானம் இல்லாமல் காற்றில் ஆடியது. நல்லதம்பிக்குச் செடி தெரியாது, கம்பி தெரியும். மிச்சம் கிடந்த வேலிக் கம்பியை வளைத்து, கூரை வரை ஒரு ஏணிபோலக் கட்டிவிட்டான். கொடி அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. பேச ஆள் இல்லாத சாயங்காலங்களில் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. பக்கத்துப் பாறைகளிலும் அதேபோலக் கொடிகள் தழைத்திருந்தன. அவற்றுக்கும் கம்பி கட்டினான்.

மூன்றாம் மாதம் சிவராமன் வந்து சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னங்க நல்லதம்பி, இலை உதிர்ந்த மாதிரி கூடத் தெரியல. ஒரு மனிதர் இருக்கிற இடமா இது? உங்களைப் பாத்தா நல்லா சாப்பிடுற ஆளு மாதிரிதான் இருக்கீங்க."

"இட்லிக் கடை பக்கத்துலயே இருக்கு சார்."

"இட்லி திங்கவா உங்களை வெச்சிருக்கோம்? தாக்கம் போதலன்னு மெமோ வரும். அப்புறம் நிரந்தரம்லாம் மறந்துடுங்க."

மெமோ வந்தது. மலர்க்கொடி அதைப் படித்தாள். "எல்லா வேலையிலயும் நாசம் பண்ணா மெமோ குடுப்பாங்க. நீங்க நாசம் பண்ணலன்னு குடுத்திருக்காங்க. கொஞ்சம் பாத்து ஏதாவது பண்ணித் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டு இடது கையால் வலது தோளை அமுக்கினாள்.

மனிதர் படாத பகுதியில் மட்டும் வேலை தடங்கல் இல்லாமல் நடந்தது. மனிதர் யாரும் வரவில்லை என்பதை உறுதி செய்ய ஒரு குழு வாராவாரம் வந்தது. அந்தக் குழு சரியாக உறுதி செய்கிறதா என்று பார்க்க இன்னொரு குழு வந்தது. மனிதர் படாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். போகும்போது எல்லோரிடமும் ஒரு பை இருந்தது. நிதி கொடுத்தவர்களுக்குச் சாம்பிள், நிதி கொடுக்கப்போகிறவர்களுக்குச் சாம்பிள், இயக்குநரின் சம்பந்தி வீட்டுக்குச் சாம்பிள். கடப்பாறைச் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

ஒருமுறை புது டிரைவர் விவரம் தெரியாமல், நல்லதம்பியின் கொட்டகைமேல் கிடந்த கொடியைக் காட்டி, "சார், இங்கயே நல்லா இருக்கே, தோண்டலாமா?" என்று கேட்டுவிட்டான்.

"அபசாரம்" என்று இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார். "அங்க மனுஷா புழங்கறா. அங்க விளைஞ்சதை எப்படி ஆத்துக்குள்ள சேர்க்கறது? பெருமாளுக்குப் படைச்சுக் கண்டருளப் பண்ற பதார்த்தம். மனுஷக் கை படாத மாகாளியோட ருசியே தனி."

கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த நல்லதம்பியின் காதிலும் அது விழுந்தது.

*

ஆறாம் மாதம் அளவெடுத்தார்கள். சிவராமன் இரண்டு பகுதியையும் சுற்றி வந்து, வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், மனிதர் இருக்கிற பக்கம் காடு அடர்ந்திருக்கு. மனிதர் படாத பக்கம் மொட்டை. மாகாளி வேர்கூட இல்ல. வெறும் குழி."

இயக்குநர் வானத்தைப் பார்த்தார். "அப்போ மனிதர் படாததுதான் காரணமா?"

"அப்படி எழுத முடியாது சார். மனிதன் கெடுக்கிறான்னு எழுதத்தான் நிதி வந்திருக்கு."

"வாஸ்தவம். காட்டை மாத்த முடியுமோ? முடியாது." இயக்குநர் வாசல் கம்பத்தைப் பார்த்தார். "போர்டை மாத்தலாமோன்னோ?"

சிவராமன் சிரித்தார். பிறகு இருவரும் நல்லதம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஸ்பேனர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவனுக்குத் தெரிந்த வேலையை அன்றுதான் கொடுத்தார்கள். நட்டைக் கழற்றினான், போர்டை மாற்றினான், முறுக்கினான். அவன் கொட்டகையைப் பிரித்து மொட்டைப் பக்கம் போட்டார்கள். கொடியும் அது ஏறிய தூணும் கம்பி ஏணியும் மட்டும் அங்கேயே நின்றன, மனிதர் படாத பகுதியில்.

"ஞாயித்துக்கிழமை நிறைவு விழா" என்றார் சிவராமன். "நீங்க மைக்குல ரெண்டு வார்த்தை பேசணும். எல்லாத்தையும் நான்தான் தின்னேன்னு சொல்லிடுங்க. மேடையிலயே நிரந்தர ஆர்டர் குடுத்துடறோம்."

இருசம்மாள் புதிதாக மாட்டிய போர்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். "அப்ப இந்தப் பக்கமும் எனக்கு இல்ல. அப்படித்தான தம்பி?" என்று கேட்டாள். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

*

விழா கீழ் மண்டபத்தில். சாயங்காலம் யாருக்கோ ரிசப்ஷன் இருந்ததால் மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும். எனவே பேச்சையும் சாப்பாட்டையும் ஒன்றாகவே வைத்துவிட்டார்கள். தொட்டியத்திலிருந்து வந்த தலைவாழை இலை. மூலையில் மாகாளி ஊறுகாய். விருந்தினர்கள் சாப்பிட, ஆய்வாளர்கள் பேசினார்கள்.

நல்லதம்பி உள்ளே வரும்போது வாசலில் வேன் நின்றது. பின்பக்கம் காலிச் சாக்குகள், அவற்றின்மேல் கடப்பாறைகள்.

முதலில் அவன் பேசினான். "எல்லாத்தையும் நான்தான் தின்னேன்" என்றான். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். கவர் ஒன்றை அவன் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அதற்குள் நிரந்தரம் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தான். இல்லை, தோளை நீவிக்கொண்டிருந்தாள்.

அடுத்து இயக்குநர்.

"இந்த மனிதரைப் பாருங்கோ. பார்க்க சாதுவா இருக்கார். ஆனா ஒரு வனத்தையே பக்ஷணம் பண்ணிட்டார். இவரை நான் குத்தம் சொல்லலை. இது மனித சுபாவம். ருசி கண்டா விடமாட்டான். வேரோட பிடுங்குவான். நாளைக்கு வேணுமேன்னு நினைக்க மாட்டான்." இந்த இடத்தில் ஒரு துண்டு மாகாளியை வாயில் போட்டுக் கண்ணை மூடித் திறந்தார். "ஆஹா. ஆனா நாம காப்பாத்தின பகுதியைப் பாருங்கோ, எப்படித் தழைச்சு நிக்கறது. உங்க இலையில இருக்கறது மனிதர் படாத பகுதியிலேர்ந்து வந்தது. இது ஊறுகாய் இல்லை, ஆதாரம். பந்தி முடிஞ்சதும் வேன் கிளம்பறது. அங்க இருக்கற மாகாளி அத்தனையும் எடுத்து, வந்தவா எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் நினைவுப் பரிசு. இதை ஆராய்ச்சின்னு சொல்லப்படாது, கைங்கர்யம்."

பந்தி முழுவதும் தலையாட்டியது. இயக்குநரும் தன் இலைக்கு உட்கார்ந்து, மாகாளியைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்தார்.

நல்லதம்பி கையில் கவரோடு மேடை ஓரம் நின்றான். கூரை வரைக்கும் ஏறியிருந்த கொடி நினைவுக்கு வந்தது. தூணைப் பிடித்திருந்த அதன் அடி இப்போது கட்டைவிரல் கனம் இருக்கும். கடப்பாறைக்கு அது எத்தனை நேரம் தாங்கும். மலர்க்கொடியைப் பார்த்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு மைக்குக்குப் போனான்.

"ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சுங்க" என்றான். "அந்த மனிதர் படாத பகுதின்னு சொன்னாங்கல்ல. அங்கயும் நான் தினமும் போயிட்டு வந்துட்டுத்தான் இருந்தேன்."

"எதுக்கு?" என்றார் இயக்குநர்.

"கொட்டாயிக்குக் கக்கூஸ் இல்லங்க சார். என் பக்கத்துல போக முடியுங்களா? அங்கதான நான் சாப்பிடறேன். அதனால வேலியத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன். ரெண்டுக்கும் அங்கதான். நெழல் வேணுமே, அதனால மாகாளிக் கொடி அடியாப் பாத்து உக்காருவேன். ஒரு கொடிய விடல. ஆறு மாசமும்."

ஒரு விருந்தினர் ஊறுகாயை வாயில் வைத்த நிலையில் அப்படியே இருந்தார். விழுங்குவதா வேண்டாமா என்று அவரால் முடிவெடுக்க முடியவில்லை. யாரோ தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இன்னொருவர் கேட்டார்.

"அதுக்கு ஏன் அங்க போனேள்?" இயக்குநரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சிவராமன் சார்தான் எங்க வேணும்னாலும் போகச் சொன்னாங்க. கக்கூஸ் கட்டினா தாக்கம் குறைஞ்சிடும்னாங்க."

சிவராமன் சிரிக்கவில்லை. இயக்குநர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தயிர்சாதமும் மாகாளியும் ஒட்டியிருந்தன. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அவருக்குப் பின்னால், பதவி வரிசைப்படி, மற்றவர்களும் போனார்கள். வேன் அன்று கிளம்பவில்லை.

*

கவரை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேறொரு உத்தரவு தபாலில் வந்தது. ஒதுக்கிய இடத்தை விட்டு வெளியே சென்று தாக்கம் செய்ததால் நல்லதம்பி மனிதர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார், இனி மையம் அவரை மனிதராகக் கருதாது என்று இருந்தது.

மலர்க்கொடி அதைப் படித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு நைட்டியை எடுத்து வைத்து மிதித்தாள். ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நல்லதம்பி நின்றான்.

"நெசமாவே அங்கயா போனீங்க?"

"இல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல எங்க வீட்டுல தங்குனப்ப மூணு நாள் அடக்கி வெச்சிருந்த ஆளு நீங்க." இன்னும் கொஞ்ச நேரம் தைத்தாள். "அந்தக் கோட்டுக்காரரு எத்தனை துண்டு சாப்பிட்டிருந்தாரு அதுக்குள்ள?"

"நாலஞ்சு இருக்கும்."

மிஷின் நின்றது. மலர்க்கொடி துணியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். சிரித்துத் தீர்ந்ததும் கண்ணைத் துடைத்து, ஊசியில் நூலைக் கோத்து, மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் போர்வையும் தட்டும் எடுத்துவர நல்லதம்பி மலைக்குப் போனான். மனிதர் படாத பகுதியின் போர்டை எடுத்துவிட்டு வேறொன்று மாட்டியிருந்தார்கள். வேலி திறந்தே கிடந்தது, காவலுக்கு ஆள் இல்லை. பார்வையாளர், விருந்தினர், ஆய்வாளர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று இட்லிக் கடையில் சொன்னார்கள். கம்பி ஏணியில் கொடி தலைகீழாக இறங்கி, மறுபடி மேலே போக ஆரம்பித்திருந்தது.

உள்ளே புகை. இருசம்மாள் மூன்று கல் வைத்துக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. என்ன எழுதி மாட்டியிருக்காங்க? எனக்கு வாசிக்கத் தெரியல."

"கடும் மனிதத் தாக்கம். மனிதர் யாரும் உள்ள வந்து எதையும் சாப்பிட வேண்டாம்னு இருக்குக்கா."

"யாருக்குச் சொல்றாங்க?"

"மனுசங்களுக்கு."

"அப்ப நமக்கில்ல" என்றாள் இருசம்மாள். "நான் சூழல். உங்களையும் போன வாரம் மனுசன் இல்லன்னுட்டாங்களாமே. உள்ள வாங்க."

அவன் செருப்போடு உள்ளே போய் உட்கார்ந்தான். அவள் ஒரு துண்டைச் சாம்பல் தட்டி நீட்டினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஒரு கடி கடித்து விழுங்கினான். தொண்டை அரிக்கவில்லை. வேலை போன அடுத்த வாரம், நல்லதம்பி தன் வேலையை முதன்முதலாகச் செய்தான். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கி, மலர்க்கொடிக்கு ஆகும் என்று தட்டில் எடுத்து வைத்தான்.